விம்பிள்டன் புல்லின் வரவு செலவுக் கணக்கு

மாணவர்களே, விம்பிள்டன் டென்னிஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பார்க்கும்போது ஆட்டக்காரர்களைச் சற்று மறந்துவிட்டுத் தரையைக் கவனியுங்கள். முதல் நாளன்று ஆடுகளம் முழுவதும் ஒரே பச்சையாக இருக்கும். இரண்டாவது வாரம் முடியும்போது, பின்கோட்டை ஒட்டி ஆட்டக்காரர்கள் ஓடித் தேய்த்த இடம் மட்டும் பழுப்பு நிறப் பட்டையாக மாறியிருக்கும். அங்கே புல் இறந்துவிட்டது. மண் வெளியே தெரிகிறது.

2012ஆம் ஆண்டில் இந்தப் பழுப்புப் பட்டை ஒரு பெரிய சிக்கலாயிற்று. அவ்வாண்டு விம்பிள்டன் இறுதியாட்டம் ஜூலை 8ஆம் நாள் நடந்தது. அதே ஆடுகளத்தில் லண்டன் ஒலிம்பிக்கின் டென்னிஸ் போட்டி ஜூலை 28ஆம் நாள் தொடங்க வேண்டும். இடையில் இருந்தவை 20 நாள்கள். இறந்துபோன புல்லை 20 நாளில் மீண்டும் வளர்த்து, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் காலணிகளைத் தாங்கச் செய்ய முடியுமா?

முடிந்தது. எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் இன்னொரு கேள்வி. அந்தப் புல் அவ்வளவு அழகாக இருக்கிறதே, அதன் விதையை வாங்கி வந்து நம் பள்ளித் திடலில் தூவினால் என்ன?

முளைக்கும். சில வாரங்கள் பச்சையாகவும் இருக்கும். பிறகு மெலிந்து, மஞ்சளாகி, அழுகி மறையும். தண்ணீர் ஊற்றினாலும், உரமிட்டாலும் இதே கதைதான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: புல் ஈட்டும் சர்க்கரைக்கும் அது செலவழிக்கும் சர்க்கரைக்கும் உள்ள கணக்கில்.

யார் இந்தப் புல்?

விம்பிள்டன் புல்லின் பெயர் பல்லாண்டு ரைப்புல். இதன் அறிவியல் பெயர் லோலியம் பெரென்னே. ரொட்டி செய்யப் பயன்படும் ரை தானியம் வேறு, இது வேறு. ஐரோப்பாவில் மேய்ச்சல் நிலங்களிலும் வீட்டுப் புல்தரைகளிலும் பரவலாக வளர்வது. விம்பிள்டன் ஆடுகளங்களில் முன்பு 70 விழுக்காடு ரைப்புல்லும் 30 விழுக்காடு சிவப்பு ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்லும் கலந்து விதைக்கப்பட்டன. 2001 முதல் முழுக்க முழுக்க ரைப்புல்தான். காலணியின் தேய்ப்பைத் தாங்கும் வலிமை அதற்கு அதிகம் என்பதே காரணம்.

புல்தரைக்கான புற்களை அறிவியலாளர்கள் இரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒன்று குளிர்பருவப் புல். மற்றொன்று வெப்பப் பருவப் புல். ரைப்புல், ஃபெஸ்க்யூ, கென்டக்கி நீலப்புல் ஆகியவை முதல் பிரிவு. காற்றின் வெப்பநிலை 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது இவை செழித்து வளரும். வேர்களுக்கு இன்னும் குளிர்ந்த மண் பிடிக்கும். ஏறக்குறைய 10 முதல் 18 பாகை. நம் திடல்களில் படர்ந்திருக்கும் அகன்ற இலைகொண்ட 'கௌ கிராஸ்', நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல் ஆகியவை இரண்டாம் பிரிவு. 27 முதல் 35 பாகை வரை இவற்றுக்குக் கொண்டாட்டம்.

வெட்டினாலும் ஏன் சாவதில்லை?

ஒரு தக்காளிச் செடியைத் தரையோடு வெட்டினால் அது பெரும்பாலும் பிழைக்காது. புல்லை வாரந்தோறும் வெட்டுகிறோம். அது மீண்டும் மீண்டும் வளர்கிறது. ஏன்?

வளர்ச்சிக்குக் காரணமான ஆக்குத்திசு இருக்கும் இடம்தான் வேறுபாடு. தக்காளிச் செடியில் அது தண்டின் நுனியில் இருக்கிறது. புல்லிலோ மண்ணை ஒட்டிய அடிப்பகுதியில் இருக்கிறது. புல்லின் இலை அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. நாம் வெட்டுவது பழைய நுனியை; தொழிற்சாலை கீழே பத்திரமாக இருக்கிறது. மேயும் விலங்குகளோடு பல இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்து புல் பெற்ற பண்பு இது.

ரைப்புல்லுக்கு இன்னொரு பண்பும் உண்டு. நெல்லைப் போலவே அது தூர் கட்டும். அதாவது ஒரு பயிரின் அடியிலிருந்தே பக்கத்தில் புதிய தண்டுகள் கிளம்பி ஒரு கொத்தாகும். ஆனால் கௌ கிராஸைப் போல ஓடுதண்டு விட்டுத் தரையில் படர்ந்து போகாது. எனவே கௌ கிராஸ் திடலில் ஓர் இடம் வெறுமையானால், பக்கத்துப் புல் ஊர்ந்து வந்து அதை மூடிவிடும். ரைப்புல் திடலில் வெறுமையான இடம் பெரிதாக இருந்தால் விதைதான் போட வேண்டும். விம்பிள்டனின் பழுப்புப் பட்டை தானாக மூடிக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

வரவு: இலை ஈட்டும் சர்க்கரை

ஒளிச்சேர்க்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். இலை, காற்றிலிருந்து கரிவளியை, அதாவது கார்பன் டைஆக்சைடை, எடுத்துக்கொண்டு சூரிய ஒளியின் ஆற்றலால் சர்க்கரை செய்கிறது. கரிவளியைப் பிடித்துச் சேர்க்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. உலகில் உள்ள உணவில் பெரும்பகுதி இந்த ஒரு நொதியின் கைவழியாகவே வருகிறது.

ஆனால் ரூபிஸ்கோவிடம் ஒரு குறை உண்டு. அதற்குக் கரிவளியையும் உயிர்வளியையும், அதாவது ஆக்சிஜனையும், சரியாகப் பிரித்தறியத் தெரியாது. சில சமயம் கரிவளிக்குப் பதிலாக உயிர்வளியைப் பிடித்துவிடுகிறது. அப்போது சர்க்கரை கிடைப்பதில்லை. மாறாக, நேர்ந்த தவற்றைச் சரிசெய்யப் பயிர் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. முன்பு பிடித்த கரிவளியில் கொஞ்சத்தையும் இழக்கிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர்.

இந்தத் தவறு எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. ரைப்புல் போன்ற பயிரில், சுமார் 25 பாகையில், ரூபிஸ்கோ செய்யும் வேலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது. வெப்பம் கூடக் கூட வீணாவதும் கூடும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வெப்பம் ஏறினால் இலைச் செல்லின் நீரில் கரையும் கரிவளியின் அளவு, உயிர்வளியைவிட வேகமாகக் குறைகிறது. இரண்டாவது, ரூபிஸ்கோவின் பிரித்தறியும் திறனும் மங்குகிறது. ஆக, வெயில் கொளுத்தும் நண்பகலில் ரைப்புல்லின் வரவு கூடவில்லை, குறைகிறது.

செலவு: இரவின் சுவாசம்

பயிர் பகலில் மட்டும் ஈட்டுகிறது. ஆனால் அது இரவு பகல் இருபொழுதும் சுவாசிக்கிறது. அதாவது சர்க்கரையைச் செலவழிக்கிறது. வெப்பநிலை 10 பாகை ஏறினால் சுவாச வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது உயிரியலில் பொதுவான ஒரு விதி.

இப்போது ஓர் எளிய கணக்குப் போடுவோம். லண்டனில் கோடைகால இரவின் வெப்பநிலை சுமார் 14 பாகை. ஜூன் மாதத்தில் பகல் நீளம் ஏறக்குறைய 16½ மணி நேரம். இரவு 7½ மணி நேரம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரவு சுமார் 24 பாகை. ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம்.

லண்டனில் புல் ஒரு மணி நேரத்திற்கு 1 அலகு சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவின் செலவு 7½ அலகு. நம் ஊரில் 10 பாகை கூடுதல் என்பதால் மணிக்கு 2 அலகு. 12 மணி நேரத்திற்கு 24 அலகு. மூன்று மடங்குக்கும் அதிகம்! ஈட்டும் நேரமோ 16½ மணியிலிருந்து 12 மணியாகக் குறைந்துவிட்டது.

"நம் ஊர் வெயில் அதிகமாயிற்றே, வரவும் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் ரைப்புல்லின் இலை, நண்பகல் வெயிலின் முழு அளவையும் பயன்படுத்துவதற்கு வெகு முன்பே நிறைவடைந்துவிடும். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றுவது போலத்தான். உண்மையில் பயிர் புதிய சூழலுக்கு ஏற்பத் தன் சுவாசத்தை ஓரளவு சரிசெய்துகொள்ளும். எனவே நம் கணக்கு ஒரு தோராயம்தான். ஆனால் அது காட்டும் திசை சரியானது. வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் முதலில் சேமிப்பைக் கரைக்கும். ரைப்புல்லும் அப்படித்தான். தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைத் தின்கிறது. வேர் குட்டையாகிறது. பிறகு ஒரு நாள் வெயில் தாங்காமல் விழுகிறது.

பலவீனமான பயிரை நோய் விடுமா? சூடும் ஈரமும் சேர்ந்த காற்றில் பூஞ்சைகள் பெருகும். ரைப்புல்லைத் தாக்கும் சாம்பல் இலைப்புள்ளி நோய்க்குக் காரணமான பூஞ்சை, நெல்லில் குலை நோயை உண்டாக்கும் அதே பூஞ்சை இனத்தின் இன்னொரு வகை. கெடாவில் நெல் பயிரிடுவோருக்கு அந்த நோயின் கொடுமை தெரியும்.

கௌ கிராஸ் எப்படிச் சமாளிக்கிறது?

1966இல் ஆஸ்திரேலியாவில் ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் என்ற இரு அறிவியலாளர்கள் கரும்பை ஆராய்ந்து ஒரு புதிய வழிமுறையை விளக்கினார்கள். பெரும்பாலான பயிர்கள் கரிவளியைப் பிடித்ததும் முதலில் உருவாக்கும் பொருளில் மூன்று கார்பன் அணுக்கள் இருக்கும். எனவே அவற்றைச் சி3 பயிர்கள் என்கிறோம். கரும்பிலோ முதல் பொருளில் நான்கு கார்பன் அணுக்கள் இருந்தன. இது சி4 வழி.

சி4 பயிரின் இலையில் இரண்டு அறைகள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். வெளியறையில் வேறொரு நொதி கரிவளியைப் பிடிக்கிறது. அது உயிர்வளியைத் தவறியும் தொடாது. பிடித்த கரிவளியை உள்ளறைக்கு அனுப்புகிறது. ரூபிஸ்கோ உள்ளறையில் அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றிலும் கரிவளி நெருக்கமாகக் குவிந்திருப்பதால், உயிர்வளியைத் தவறாகப் பிடிக்க அதற்கு வாய்ப்பே மிகக் குறைவு. இப்படி அனுப்பி வைப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. குளிர்ந்த இடத்தில் அது வீண் செலவு. வெப்பமான இடத்தில் அது பெரும் இலாபம்.

இன்னொரு நன்மையும் உண்டு. கரிவளியைத் திறம்படப் பிடிப்பதால் சி4 பயிர் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை. எனவே அது இழக்கும் நீரும் குறைவு. கௌ கிராஸ், அறுகம்புல், சோளம், கரும்பு எல்லாம் சி4 வழியைப் பின்பற்றுபவை. ரைப்புல், கோதுமை, நெல் ஆகியவை சி3.

நெல்லா? ஆம். கூர்மையான மாணவர் இங்கே கையைத் தூக்குவார்: "நெல் சி3 என்றால் அது மட்டும் நம் வெயிலில் எப்படி வளர்கிறது?" நெல்லும் ஒளிச்சுவாசத்தால் இழப்பைச் சந்திக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வெப்ப நாட்டில் தோன்றிய பயிர். அதன் நொதிகளும் செல் சவ்வுகளும் வெப்பத்துக்குப் பழகியவை; குளிர்தான் அதற்குப் பகை. ஆகவே சி3 என்பதும் குளிர்பருவப் புல் என்பதும் ஒன்றல்ல. குளிர்பருவப் புற்கள் எல்லாம் சி3; ஆனால் சி3 எல்லாம் குளிர்பருவப் பயிர் அல்ல. நெல்லின் அந்த இழப்பைக் குறைப்பதற்காக, சி4 நெல்லை உருவாக்க முடியுமா என்று அறிவியலாளர்கள் முயன்று வருகிறார்கள். அது கைகூடினால் அதே நிலத்தில் அதிக அரிசி கிடைக்கக்கூடும்.

விதைக்கும் காலம்

இனி இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் ரைப்புல்லை எப்படி வளர்க்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

விதைக்க ஏற்ற காலம் ஆகஸ்டு இறுதியும் செப்டம்பரும். கோடை முழுதும் வெயிலில் காய்ந்த மண் இன்னும் சூடாக இருக்கும். அதனால் விதை விரைவாக முளைக்கும். காற்றோ குளிரத் தொடங்கிவிடும். அதனால் சுவாசச் செலவு குறையும். மழையும் வரும். களைகளின் வேகமும் தணியும். இளம் பயிருக்குச் சேமிக்க அருமையான காலம்.

ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் விதை தேவை. ஒரு கிராமில் சுமார் 500 விதைகள் இருக்கும். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் 17,500 விதைகள்! முதலில் மண்ணைக் கிளறிச் சமப்படுத்த வேண்டும். விதையைத் தூவி, மெல்ல வாரி, மண்ணோடு ஒட்டும்படி அழுத்த வேண்டும். முளைக்கும் வரை மேல்மண் காயாமல் அடிக்கடி லேசாக நீர் தெளிக்க வேண்டும். ரைப்புல் 5 முதல் 10 நாளில் முளைக்கும். கென்டக்கி நீலப்புல்லுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

விம்பிள்டனிலும் போட்டி முடிந்த பிறகு, தேய்ந்த மேற்பரப்பை அகற்றி, மண்ணைச் சரிசெய்து, புதிதாக விதைக்கிறார்கள். அங்கே விதைக்கு ஓர் எதிரி உண்டு: புறாக்கள். அவற்றை விரட்ட ரூஃபஸ் என்ற ஹாரிஸ் பருந்தைப் பல ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வந்தார்கள்.

வெட்டும் கணக்கு

புல் பராமரிப்பில் மிக முக்கியமான விதி இது: ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. ஏன்? இலைதான் வருமானம். அதில் பாதிக்கு மேல் வெட்டினால், வரவு திடீரென்று சரிகிறது. இலையை மீண்டும் வளர்க்க, வேருக்குப் போக வேண்டிய சர்க்கரையைப் பயிர் மேலே திருப்புகிறது. வேரின் வளர்ச்சி நின்றுவிடும்.

வீட்டுப் புல்தரையில் ரைப்புல்லை 4 முதல் 6 சென்டிமீட்டர் உயரத்தில் வைப்பார்கள். 6 சென்டிமீட்டர் என்றால், அது 9 சென்டிமீட்டர் ஆகும்போது வெட்டினால் விதி மீறப்படாது. விம்பிள்டனிலோ 1995 முதல் ஆட்டத்துக்கான உயரம் 8 மில்லிமீட்டர். விதிப்படி புல் 12 மில்லிமீட்டர் ஆவதற்குள் வெட்டிவிட வேண்டும். புல் நாளுக்கு 4 மில்லிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், வீட்டுப் புல்லை வெட்ட ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கலாம். விம்பிள்டனில் ஒரே நாள்தான். போட்டிக் காலத்தில் அங்கே தினமும் புல் வெட்டுவதன் காரணம் அழகுக்காக மட்டும் அல்ல.

அந்த 8 மில்லிமீட்டருக்கும் ஒரே நாளில் இறங்கிவிடுவதில்லை. குளிர்காலத்தில் 13 மில்லிமீட்டர் வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதத்திலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்து, மே மாதத்தில் 8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். மெதுவாகக் குறைத்தால் பயிர் அதிகத் தூர் கட்டி, குட்டையான பல இலைகளால் இழந்த வரவை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். வெட்டும் கத்தி கூர்மையாக இருப்பதும் அவசியம். மழுங்கிய கத்தி இலையைக் கிழித்துவிடும். கிழிந்த நுனி காய்ந்து வெளுக்கும், நோய்க்கும் வழி திறக்கும்.

நீர், உணவு, காற்று

தினமும் கொஞ்சம் நீர் தெளிப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். முளைவிட்ட விதைக்கு அது சரி. வளர்ந்த புல்லுக்குச் சரியல்ல. மேல்மண் மட்டும் ஈரமாக இருந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஓரிரு முறை ஆழமாக நனைத்தால், ஈரத்தைத் தேடி வேர் கீழே இறங்கும். மழை உட்பட வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் நீர் ரைப்புல்லுக்குப் போதும். காலையில் நீர் விடுவது நல்லது. மாலையில் விட்டால் இலை இரவெல்லாம் நனைந்திருக்கும். பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாகும்.

உரத்தில் முக்கியமானது நைட்ரஜன். ரைப்புல்லுக்கு இலையுதிர் காலத்தில் கொடுக்கும் உரம் மிகவும் பயன்படும். அப்போது வரவு அதிகம், செலவு குறைவு; பயிர் வேரையும் தூரையும் பலப்படுத்தும். கடும் கோடையில் அதிக நைட்ரஜன் கொடுத்தால், கையில் பணம் இல்லாதவரை வீடு கட்டச் சொல்வது போல், பயிரை வீணாக வளரத் தூண்டுகிறோம். வெட்டிய புல் துணுக்குகளை வீட்டுத் தரையிலேயே விட்டுவிடலாம். அவை மக்கி, நைட்ரஜனின் ஒரு பகுதியை மண்ணுக்குத் திருப்பித் தரும்.

வேரும் சுவாசிக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பலர் நடக்கும் தரையில் மண் இறுகி, காற்றிடைவெளி குறைந்துவிடும். எனவே முள்போன்ற கருவிகளால் மண்ணில் துளையிடுகிறார்கள். விம்பிள்டனில் இது இன்னும் கடினமான வேலை. பந்து நன்றாக எழும்ப வேண்டும் என்பதற்காக அங்கே களி மிகுந்த மண்ணை உருளையால் அழுத்தி, போட்டியின்போது காய்ந்த நிலையில் வைக்கிறார்கள். பந்து எழும்பும் உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது புல் அல்ல, மண்தான். அந்த இறுகிய, காய்ந்த மண்ணில், 8 மில்லிமீட்டர் இலையோடு, புல் இரண்டு வாரம் உயிர் வாழ வேண்டும். முன் ஒன்பது மாதங்களில் வேரில் சேர்த்த சேமிப்பே அதைக் காப்பாற்றுகிறது.

அந்த 20 நாள்கள்

இப்போது 2012க்குத் திரும்புவோம். அப்போது விம்பிள்டனின் தலைமைத் திடல் பராமரிப்பாளராக இருந்தவர் எடி சீவர்ட். அவர் கையில் இருந்த சாதகங்களை நீங்களே இப்போது பட்டியலிடலாம்.

பகல் நீளமானது, மண் சூடானது, இரவு குளிர்ச்சியானது. வரவு செலவுக் கணக்கு புல்லின் பக்கம் இருந்தது. ரைப்புல் வேகமாக முளைக்கும் இனம். நீலப்புல்லாக இருந்திருந்தால் அது முளைப்பதற்குள்ளேயே ஒலிம்பிக் தொடங்கியிருக்கக்கூடும். ஆனாலும் 20 நாளில் முளைப்பதற்கே ஒரு வாரம் போனால் வளர நேரம் போதாது. எனவே முன்கூட்டியே முளைகட்டிய விதையைப் பயன்படுத்தினார்கள்.

நம் வீட்டில் பச்சைப்பயற்றை ஊறவைத்து முளைகட்டுவது போலத்தான். விதையின் உள்ளே சேமிப்பாக மாவுப்பொருள் இருக்கிறது. முதல் சில நாள்களுக்கு அதற்கு ஒளி தேவையில்லை. அந்தக் கட்டத்தை முன்னரே முடித்துவிட்டால், மண்ணில் விழுந்த உடனே வேர் இறங்கத் தொடங்கிவிடும். ஜூலை 28இல் பின்கோட்டருகே மீண்டும் பச்சை தெரிந்தது. ஆகஸ்டு 5ஆம் நாள், நான்கு வாரங்களுக்கு முன் ரோஜர் ஃபெடரரிடம் தோற்ற அதே ஆடுகளத்தில், ஆண்டி மர்ரி அவரை வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்றார்.

ஊருக்கேற்ற புல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா கோல்ஃப் திடல் நமக்கு இன்னொரு பாடம் சொல்கிறது. கோடையில் வெப்பம் மிகுந்த ஊர் அது. அங்கே அடிப்படைப் புல் அறுகம்புல் வகை. குளிர்காலத்தில் அது பழுத்து உறங்கிவிடும். எனவே இலையுதிர் காலத்தில் அதன்மேல் ரைப்புல் விதையைத் தூவுகிறார்கள். ஏப்ரலில் போட்டி நடக்கும்போது நாம் காணும் பளிச்சென்ற பச்சை, அந்த விருந்தாளிப் புல்தான். வெப்பம் ஏறியதும் ரைப்புல் மறைய, அறுகு விழித்துக்கொள்கிறது. இரண்டு புல்லும் தத்தம் பருவத்தில் மட்டும் ஆட்சி செய்கின்றன.

நமக்கோ ஆண்டு முழுதும் ஒரே பருவம். ஆகவே கௌ கிராஸ்தான் நம் திடலின் இயல்பான அரசன். அகன்ற இலை, சற்றுச் சொரசொரப்பு. விம்பிள்டன் போல வழவழப்பாக இராது. ஆனால் விதை வாங்க வேண்டாம். வெறுமையான இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். 33 பாகை வெயிலிலும் இலாபத்தில் இயங்கும். ஒரு செடியின் பச்சையை மட்டும் பார்த்து அதை இடம் மாற்ற முடியாது. அது வாழ்ந்த ஊரின் இரவுக் குளிரையும் பகல் நீளத்தையும் சேர்த்துக் கொண்டுவர முடிந்தால்தான் அது வாழும்.

செய்து பாருங்கள்

ரைப்புல் விதை நமக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் அதன் உறவான முழுக் கோதுமை, இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும். அதுவும் குளிர்பருவப் புல் இனமே.

1. ஒரே அளவான மூன்று குவளைகளின் அடியில் துளையிட்டு, ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஓரிரவு ஊறிய 20 கோதுமை மணிகளை விதையுங்கள். ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு நீர் விடுங்கள்.

2. பயிர் 12 சென்டிமீட்டர் வளர்ந்ததும், முதல் குவளையை வெட்டாமல் விடுங்கள். இரண்டாவதை 8 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். 12 ஆகும்போதெல்லாம் மீண்டும் 8க்கு வெட்டுங்கள். மூன்றாவதை 2 சென்டிமீட்டருக்கு ஒட்ட வெட்டி, வளர வளர அதே உயரத்தில் வையுங்கள்.

3. மூன்று வாரம் கழித்து, மண்ணை நீரில் மெதுவாகக் கழுவி, வேர்களின் நீளத்தை அளந்து அட்டவணையிடுங்கள். எது குட்டை? ஏன்?

4. இன்னொரு சிறு சோதனை: வளரும் ஓர் இலையின் நடுவில் அழியாத மையால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்கு மேலும் கீழும் உள்ள நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் அளந்தால், எந்தப் பகுதி நீண்டிருக்கும்? அளப்பதற்கு முன் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர், அகலம் 10.97 மீட்டர். கோடுகளுக்கு உட்பட்ட இடம் முழுவதும் ரைப்புல் விதைக்க எத்தனை கிலோகிராம் விதை வேண்டும்?

2. கேமரன் மலையில் இரவு குளிர்ச்சியானது. அங்கே ரைப்புல் நம் சமவெளியைவிட நன்றாக வளருமா? லண்டனில் இருக்கும் எந்தச் சாதகம் அங்கேயும் கிடைக்காது?

3. உங்கள் பள்ளித் திடலில் கோல்கம்பத்தின் முன்னால் மட்டும் புல் இல்லாமல் போவது ஏன்? விதை, நீர், உரம், துளையிடுதல் ஆகிய நான்கில் எதை முதலில் செய்வீர்கள்? காரணம் கூறுங்கள்.

அடுத்த முறை திடலில் கால் பதிக்கும்போது ஒரு நொடி குனிந்து பாருங்கள், மாணவர்களே. உங்கள் காலடியில் ஒவ்வோர் இலையும் இன்றைய வரவையும் நேற்றிரவின் செலவையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது.